செம்மண் சடக்கில் இரண்டு நாள்

தோட்டத்தில் சைக்கிள் என்றால் அது வேலை. பெரிய கிராணி சைக்கிளில் வருவார். மண்டோர் நிரை நிரையாகச் சைக்கிளில் சுற்றிப் பார்ப்பார். பால் வாளிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஸ்டோர் வரை மிதிக்கிறவர்கள் இருந்தார்கள். ரொட்டிக்காரர், ஐஸ்காரர், மாதத் தவணைக்குச் சேலை கொடுக்கும் ஜவுளிக்காரர், தபால்காரர் என்று வெளி உலகம் முழுவதும் லயத்துக்குள் சைக்கிளில்தான் வந்து சேர்ந்தது. யார் வருகிறார் என்பதை மணியோசையை வைத்தே சொல்லிவிடலாம் என்பார் அப்பா. ஜவுளிக்காரர் மணி கேட்டால் மட்டும் சில வீடுகளில் கதவு சாத்திக்கொள்ளுமாம்.

அந்தச் செம்மண் சடக்கில், வேலை எதுவும் இல்லாமல், முதுகில் ஒரு பையும் தலையில் ஹெல்மெட்டுமாக இரண்டு நாள் சைக்கிள் ஓட்டலாமா என்ற எண்ணம் எனக்கு ஜெர்மனியில் வந்தது.

மோசல் நதிக்கரையில் நானும் கணவரும் ஒரு வாரம் சைக்கிள் ஓட்டினோம். ட்ரியர் என்ற பழைய ரோமானிய நகரத்தில் தொடங்கி, அந்த நதி ரைன் நதியோடு கலக்கும் கோப்ளென்ஸ் நகரம் வரைக்கும். பிரான்ஸ் எல்லையிலுள்ள பெர்ல் என்ற ஊரிலிருந்து கணக்கிட்டால் இந்தச் சைக்கிள் பாதை ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஜெர்மனியில் இப்படி நதிக்கு ஒரு பாதை இருக்கிறது: ரைன், எல்பே, டான்யூப், மைன். பந்தயக்காரர்களுக்கானவை அல்ல அவை. ஓய்வு பெற்ற தம்பதிகளும் குழந்தையைப் பின்வண்டியில் உட்கார வைத்த அம்மாக்களும்தான் அதிகம். நதிக்கரை என்பதால் பெரிய ஏற்றம் இல்லை. பெட்டியை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். ஈரச் சைக்கிளைப் பூட்டிவைக்க இடம், பழுது பார்க்கக் கருவி, சீக்கிரமே பசியாற வசதி எல்லாம் உள்ள விடுதிகளுக்கு அங்குள்ள சைக்கிளோட்டிகள் சங்கமே ஒரு முத்திரை கொடுக்கிறது. கால் வலித்தால் பக்கத்திலேயே ரயில். சைக்கிளுக்கு ஒரு சீட்டு வாங்கி வண்டியோடு ஏறிக்கொள்ளலாம். கைவிடப்பட்ட ரயில் தடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. டாவுன் என்ற மலையூரிலிருந்து மோசல் வரைக்கும் பழைய தண்டவாளத் தடத்தையே சைக்கிள் பாதையாக்கி, குகைப்பாதைகளுக்கு விளக்கும் போட்டிருக்கிறார்கள்.

இரு கரையிலும் திராட்சைத் தோட்டம். நம் தேயிலை மலையைவிடச் செங்குத்து. ப்ரெம் என்ற ஊருக்கு மேலே உள்ள சரிவு ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. இயந்திரம் ஏறாது, கையால்தான் பறிக்க வேண்டும். எனக்கு மனத்தில் தங்கியது வேறு. சில சரிவுகளில் அந்தத் தோட்டத்தின் பெயரைப் பெரிய வெள்ளை எழுத்துகளில் நட்டு வைத்திருக்கிறார்கள். நதியின் எதிர்க்கரையிலிருந்தே படிக்கலாம். ஊருக்கு அல்ல, ஒரு சரிவுக்குப் பெயர். அதே பெயர் புட்டியின் மீதும் வரும். போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் பறிப்புக்கு வருகிறவர்களின் பெயர் எதிலும் வராது என்பது வேறு கதை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் பாட்டி பால் வெட்டிய தோட்டத்தின் பெயர் இப்போது எந்தப் பலகையிலும் இல்லையே என்று தோன்றியது.

நமக்கும் ஒரு நதி

கிந்தா நதி, கொர்பு மலைப் பக்கம் பிறந்து, ஈப்போ நகரத்தை நடுவே பிளந்துகொண்டு தெற்கே ஓடிப் பேராக் நதியில் சேர்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலை. இரண்டும் கருங்கல். நடுவே தரை சுண்ணாம்புக்கல். ஈப்போவைச் சுற்றித் திடீர் திடீரென்று எழுந்து நிற்கிறதே, கல்லுமலைக் கோயில் இருக்கும் குனோங் சீரோ உட்பட, அதெல்லாம் அந்தச் சுண்ணாம்புக்கல்லின் மிச்சம். பல கோடி ஆண்டுகளாகக் கருங்கல் மலைகளிலிருந்து அரித்து வந்த ஈயமணல், பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குழிகளில் தங்கிவிட்டது. அதை அள்ளத்தான் உலகம் இங்கே வந்தது. ஈயம் அள்ளாத மேட்டு நிலத்தில் ரப்பர் நட்டார்கள். அதற்குத்தான் நம்மவர்கள் வந்தார்கள். ஒரே பள்ளத்தாக்கில் ஈயக்குட்டையும் ரப்பர்க் காடும் அக்கம்பக்கமாக இருப்பது இதனால்தான். கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசிய புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சைக்கிளுக்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது. தரை சமம். ஊருக்கு ஊர் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். ஒவ்வோர் ஊரிலும் சாப்பாடு நன்றாக இருக்கும். ஈப்போக்காரர்களிடம் இதைப் பற்றி வாக்குவாதம் வேண்டாம்.

இப்படி ஒரு பயணம் போகப்போகிறேன் என்று காலை நிகழ்ச்சியில் சொன்னேன். நேயர்கள் உற்சாகமாக வழி சொன்னார்கள். எந்தக் கடையில் அப்பம், எந்த வளைவில் நாய். பிறகு ஓர் அம்மா அழைத்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் குரல்.

“ஏம்மா, நான் ஒன்னு கேக்குறேன், தப்பா நெனச்சிக்காத. எங்கம்மா விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சி, பிரட்டுக்கு நின்னு, அட்டைக்கடியோட வெட்டுன காடும்மா அது. அங்க போயி உல்லாசமா சைக்கிள் ஓட்டப் போறியா?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நேரலையில் நான் ஏதோ சமாளித்துப் பாட்டுக்குப் போனேன். ஆனால் கேள்வி என்னோடு ஈப்போ வரைக்கும் வந்தது.

முதல் நாள்: புந்தோங்கிலிருந்து ஈயக்கப்பல் வரை

அப்பாவும் வருகிறேன் என்றார். அறுபத்தெட்டு வயது. புந்தோங் சந்தைக்குத் தினமும் சைக்கிளில் போய் வருகிறவர், ஆகவே மறுக்க முடியவில்லை. நானும் கணவரும் வாடகைக்கு எடுத்த சைக்கிள்களில் கியர் இருபத்தொன்று. அப்பாவின் வண்டியில் ஒன்று. நாள் முழுவதும் முன்னால் போனவர் அவர்தான்.

விடியும் முன்னே புறப்பட்டோம். புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் கடைகள் இன்னும் திறக்கவில்லை. மெங்லெம்பு தாண்டும்வரைக்கும் நெரிசலான சாலைதான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதன்பின் கிளேடாங் மலையடிவாரமாகப் பாப்பான் நோக்கித் திரும்பும்போது காற்று மாறுகிறது.

பாப்பான் பாதி உதிர்ந்த ஊர். ஒரு காலத்தில் ஈயப் பணம் புரண்ட கடைவீதியில் இப்போது சுவர்களைப் பிளந்துகொண்டு ஆலமர வேர் இறங்குகிறது. மண்டைலிங் தலைவர் ராஜா பிலாவின் பழைய மாளிகையும் இங்கேதான் இருக்கிறது. நான் பார்க்க வந்தது 74ஆம் எண் கடைவீடு. ஜப்பான்காரன் காலத்தில் தாதி சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்திய வீடு. அவர் கணவர் டாக்டர் கார்த்திகேசு, இலங்கைத் தமிழர் வழி வந்தவர். காட்டிலிருந்த எதிர்ப்புப் படைக்காரர்களுக்கு இங்கே ரகசியமாகச் சிகிச்சை நடந்தது. சிற்றலை வானொலி ஒன்றை ஒளித்துவைத்து பி.பி.சி. செய்தி கேட்டார்கள்; பிறருக்குத் தெரியாமலிருக்க அந்த வானொலிக்கு ‘ஜோசஃபின்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். 1943இல் ஜப்பானிய ராணுவப் போலீஸ் பிடித்துச் சித்திரவதை செய்தது. முதுகெலும்பு சிதைந்தும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. 1948இல் அங்கேயே இறந்துபோனார். வானொலி வேலை பார்க்கிற எனக்கு, ஒரு வானொலிப் பெட்டிக்காக உயிரைப் பணயம் வைத்த வீட்டின் முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்க முடியவில்லை.

பூசிங்கில் பசியாறினோம். அங்கிருந்து பத்து காஜா நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் ஈயக்குட்டைகள். தெளிந்த நீலப் பச்சை. பார்த்தால் இயற்கை ஏரி போலவே இருக்கும். ஒவ்வொன்றும் மனிதர் தோண்டிய குழி. 1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டு விலை கவிழ்ந்தபோது, இந்தப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் வரிசையாக மூடின. குட்டைகளை மழை நிரப்பியது. பிறகு மீன் வளர்த்தார்கள், வாத்து வளர்த்தார்கள். பத்து காஜா பக்கத்துக் குட்டைகளில் நாரைகளும் கொக்குகளும் கூட்டமாகக் குடியேறி, இப்போது அது கிந்தா இயற்கைப் பூங்கா.

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் ஒன்பது கிலோமீட்டரில் நிற்கிறது டி.டி.5 என்கிற ஈயக்கப்பல். குழந்தைகளோடு வருகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். 1938இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. எடை 4,500 டன். கப்பல் என்றாலும் இது கடலைக் கண்டதில்லை. தானே தோண்டிய குட்டையில் மிதக்கும். முன்னால் சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள் மண்ணைக் கொத்தி அள்ளும். வயிற்றுக்குள் மண்ணை அலசி ஈயமணலைப் பிரிக்கும். மிச்சத்தைப் பின்னால் துப்பும். முன்னால் குட்டை வளரும், பின்னால் தூரும். ஆக, குட்டையைக் கூடவே இழுத்துக்கொண்டு தரையில் நகரும் கப்பல். 1982 வரை ஓடியது. அதன் சத்தம் ஓய்ந்த இரவில் சுற்றுவட்டாரக் கம்பத்து ஆட்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று ஓர் உள்ளூர்க்காரர் சொன்னார். நம்பலாம் போலத்தான் இருக்கிறது, அத்தனை பெரிய உடம்பு.

இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தால் தஞ்சோங் துவாலாங். பெரிய நன்னீர் இறாலுக்குப் பேர்போன ஊர். பில்லைப் பார்த்த அப்பா, “இந்தக் காசுக்கு அந்தக் காலத்துல ஒரு மாச ரேசன் வாங்கலாம்” என்றார். ஆனால் தலையைக்கூட விடாமல் உறிஞ்சித் தின்றார்.

பெயர் உள்ள கல்லறை

மாலையில் பத்து காஜா திரும்பி, சங்காட் மேட்டிலுள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ‘காட்ஸ் லிட்டில் ஏக்கர்’ என்று அதற்குப் பெயர். அவசரகாலத்தில் கொல்லப்பட்ட தோட்டத் துரைகள், சுரங்க அதிகாரிகள், போலீஸ்காரர்கள், சிப்பாய்கள் என நூறு பேருக்கும் மேல் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று வெள்ளைக்காரர்களின் கல்லறைகளும் இங்கேதான். அந்தக் கொலைகளுக்குப் பிறகுதான் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. ஒவ்வொரு ஜூன் மாதமும் இங்கே நினைவஞ்சலி நடக்கிறது. புல் வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, நாள். இருபது, இருபத்தொன்று என்று வயதைப் படிக்கும்போது துரைமார் மேல் எந்தக் கணக்கு வைத்திருந்தாலும் மனம் இளகத்தான் செய்யும்.

அப்பா ஒரு வரிசை முழுக்க நடந்து படித்தார். பிறகு, “உங்க பாட்டியோட அப்பா தோட்டத்துச் சுடுகாட்டுலதான் பொதைச்சாங்க. அங்க செம்பன நட்டுட்டானுங்க” என்றார். அவர் சொன்னதில் குறை சொல்லும் தொனி இல்லை. வானிலை சொல்வது போலத்தான் சொன்னார்.

கெல்லி துரையும் மாரியம்மாளும்

இரண்டாம் நாள் காலை கோப்பெங் சாலையில். கெல்லிஸ் காசல், பத்து காஜாவிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். எல்லோரும் ஒருமுறையாவது பள்ளிச் சுற்றுலாவில் போன இடம். பேய்க் கதை கேட்டு, படியில் நின்று படமெடுத்து, வெளியே வந்து ஐஸ் தின்றிருப்போம். பெரியவர்களான பிறகு யாரும் மறுபடி போவதில்லை. போக வேண்டும்.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். மலாயாவுக்கு வந்து காடு அழித்து ரப்பர் நட்டுப் பணக்காரரானார். தம் ஊர்ப்பக்கப் பெயரையே கிந்தா கெல்லாஸ் என்று தோட்டத்துக்கு வைத்தார். 1915இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். சென்னையிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். செங்கல்லும் ஓடும்கூட அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மின்தூக்கிக்கென்று ஒரு கூண்டுகூடக் கட்டினார். முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் ஸ்பானியக் காய்ச்சல் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. எஞ்சியவர்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக் கொடுக்கக் கேட்டார்கள் என்பதும், அவர் கட்டடத்தை நிறுத்திவிட்டுக் கோயிலுக்கு ஒத்துழைத்தார் என்பதும் இங்கே தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. 1926இல் அவர் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார். மாளிகை முடியவே இல்லை. மனைவி சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்.

சுற்றுலாப் பேருந்துகள் மாளிகையோடு திரும்பிவிடுகின்றன. சைக்கிளில் வந்ததன் லாபம் இதுதான்: ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் அந்த மாரியம்மன் கோயில். கூரையில் சாமி சிலைகளோடு வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்ட ஓர் உருவம் நிற்கிறது. கெல்லி துரைதான். சிலை வைத்தது துரை அல்ல, தொழிலாளர்கள். அதை நன்றி என்று படிக்கலாம். அம்மனுக்கு முன்னால் துரையும் ஒரு காவல்காரன்தான் என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. மாளிகையில் யாரும் ஒரு நாள்கூடக் குடியிருந்து நிறைவு காணவில்லை. கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது.

மாளிகையில் துரையின் குடும்பப் படங்களும் கதைகளும் உண்டு. காய்ச்சலில் இறந்த தமிழர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று எங்காவது தொங்கினால், பள்ளிச் சுற்றுலாவில் வரும் நம் பிள்ளைகள் பேயைத் தேட மாட்டார்கள்.

அங்கிருந்து வழி விசாரித்து, அப்பாவின் நினைவை நம்பி, செம்பனைக்குள் நுழைந்தோம். 1960, 70களில் தொடங்கி ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பார்வைக்கு இரண்டும் காடுதான். ஆனால் ரப்பர்க் காட்டில் வெளிச்சம் சல்லடையாக இறங்கும், காய் வெடிக்கும் சத்தம் கேட்கும், ஒட்டுப்பால் நாற்றம் தூரத்திலேயே வரும். செம்பனையில் வெக்கையும் இருட்டும்தான். இரண்டாவது கிலோமீட்டரில் செம்பனை முள் குத்தி என் டயர் இறங்கியது. எதிரே சைக்கிளில் வந்த வங்காளதேசத்து இளைஞர் ஒருவர், கைப்பிடியில் சாப்பாட்டுத் தூக்கு தொங்க, இறங்கி வந்து எங்களைவிட வேகமாக ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். குலை வெட்டும் வேலைக்குப் போகிறாராம். நாங்கள் ஏன் இங்கே சைக்கிள் ஓட்டுகிறோம் என்று மலாயில் கேட்டார். ‘ஜாலான் ஜாலான்’ என்றேன். சும்மா சுற்றிப் பார்க்கிறோம் என்று அர்த்தம். தொலைக்காட்சியில் ஏதோ பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, மணியடித்துக்கொண்டு போனார்.

அப்பா பிறந்த லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. எதிர்பார்த்ததுதான். தோட்டத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர், நம்மவர்கள் வைத்த ஒரு தமிழ்ப் பெயர் என்று இரண்டு இருந்தன. கைப்பேசி வரைபடத்தில் இரண்டுமே இல்லை. பாதி நிலம் வீடமைப்புத் திட்டமாகி ஒரு பூவின் பெயரில் தாமான் ஆகியிருக்கிறது. ஆனாலும் அப்பா நின்று நிதானித்துக் கை நீட்டினார். அந்த இரண்டு மாமரத்துக்கு நடுவில் ஆயாக் கொட்டகை. வாய்க்கால் ஓரம் பிரட்டுக் களம். அந்த மேட்டில் தமிழ்ப்பள்ளி, மூன்று வகுப்பு, ஒரே வாத்தியார். அதோ அங்கே கள்ளுக்கடை.

மோசலில் வீட்டுக்கு வீடு மதுவைச் சுவைத்துப் பார்க்க அழைக்கிறார்கள். அது அவர்கள் பெருமை. நமக்கும் தோட்டத்தில் ஒரு மதுக்கடை இருந்தது, நிர்வாகத்தின் அனுமதியோடேயே. சம்பளம் போட்ட அன்று அது எப்படி இருக்கும் என்பதைப் பாட்டிகள் சொல்ல வேண்டும். 1940களின் பிற்பாதியில் கெடாவில் தொண்டர் படை என்று இளைஞர்கள் திரண்டு கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்து அடிபட்டார்கள். எல்லா மதுவும் ஒரு நாட்டின் அழகாகிவிடுவதில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்கு அங்கே நிற்கும்போது எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அது உல்லாசம் இல்லை. ஆனால் காரில் வந்திருந்தால் அப்பா இறங்கியிருக்க மாட்டார், ஜன்னல் வழியே காட்டிவிட்டுப் போயிருப்பார். நடந்து வர வயதில்லை. சைக்கிள் என்பதால் பத்தடிக்கு ஒருமுறை காலை ஊன்றினார். ஊன்றிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெயர் வந்தது. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தேன். நாற்பது நிமிடம் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு

விடிகாலை கிளம்பிப் பதினொரு மணிக்குள் நிழலுக்குப் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் வெயில், அதற்கும் மேல் இடி. பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் மழை குறைந்த மாதங்கள். சாலைப் பந்தயச் சைக்கிள் வேண்டாம், அகலமான டயர் வேண்டும்; கூடுதல் டியூப் இரண்டு. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். செம்பனைத் தோட்டங்கள் தனியார் நிலம். வாசலில் காவலரிடம் கேட்காமல் நுழையாதீர்கள். “எங்க தாத்தா இங்க வேல செஞ்சாரு” என்றால் பெரும்பாலும் விடுகிறார்கள். குலை ஏற்றிய லாரி வந்தால் முற்றாக ஓரம் கட்டி நின்றுவிடுங்கள். நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதைவிட இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

கோப்பெங் வரை போனால் அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ஆனால் கோப்பெங்கிலிருந்து ஈப்போவுக்குப் பழைய பெருஞ்சாலையில் சைக்கிளில் திரும்ப வேண்டாம். சிம்பாங் பூலாய் கல் குவாரி லாரிகள் இடம் கொடுக்காது. நாங்கள் வந்த வழியே பத்து காஜாவுக்குத் திரும்பினோம். எல்லா ரயிலிலும் முழுச் சைக்கிளை ஏற்ற முடிந்தால், கோலாலம்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு ஞாயிறு மாலை வீடு திரும்பலாம். பெயர்ப்பலகை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு வரைபடம். பெரிய செலவில்லை இதெல்லாம்.

மூன்றாவது நாள் இருக்கிறவர்கள் சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சார் போகலாம், ஐம்பது கிலோமீட்டர் வரும். 1877இல் ஹியூ லோ காலத்தில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. நம் எல்லோரையும் கப்பலேற்றியதில் அந்த மரத்துக்கும் பங்கு உண்டு. வழியில் சுங்கை சிப்புட், துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்த காலத்தில், அவர்களின் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர்.

பயணம் முடிந்து வந்து அப்பாவின் ஒலிப்பதிவில் ஐந்து நிமிடத்தை நிகழ்ச்சியில் போட்டேன். அந்த அம்மா மறுபடி அழைத்தார். இந்த முறை நேரலையில் வர வேண்டாம் என்றார். தன் தோட்டத்தில் எத்தனை லயம், எந்தக் கிணற்றில் தண்ணீர் இனிக்கும், காளியம்மன் கோயிலுக்குப் பின்னால் என்ன மரம் என்று வரிசையாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். “அந்தப் பக்கம் போனீன்னா கெணறு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லும்மா. மூடியிருப்பானுங்க. இருந்தாலும் பாரு” என்றார். சுங்கை சிப்புட் தாண்டி உள்ளே ஆறு கிலோமீட்டர். இப்போது அங்கே மழை. ஜூன் மாதம் போகிறோம்; அப்பா தன் சைக்கிளுக்குப் புது டயர் போட்டுவிட்டார்.